பதினெட்டுக் கருவிகள்

திருப்பூர்
12.11.2024

அன்புள்ள அனுப்ரியா,

கோபத்தில்தான் அப்பா இறந்த செய்தியை உன்னிடம் மறைத்தேன் என்று உன் அத்தை மருதம்மாள் சொல்லி வருகிறாள். "ஏனுங்க, பெத்த புள்ளைக்கே சொல்லாம எடுத்துட்டாங்களே, என்ன நெஞ்சுங்க அது" என்று காதர்பேட்டை வரை பேச்சு. அது தவறு. கோபம் இல்லை. மறைத்தது மட்டும் உண்மை.

காரியத்துக்கு வந்திருந்த இரண்டு நாளும் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்த விதத்தை அறிய வங்கக் கடலின் அடியில் பதினெட்டுக் கருவிகளை இறக்கியிருப்பதாகவும், அவற்றை ஒவ்வொன்றாக மேலே கூப்பிட்டு எடுப்பதாகவும் கப்பலிலிருந்து எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நிலம் சட்டென்று உடையவில்லை, இழுபட்டு மெலிந்து பிறகுதான் பிரிந்தது என்ற வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். நாற்பது வருடம் பனியன் துணியை வட்டமாக வெட்டிச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எடை பார்த்தவர் அல்லவா. "நம்ம ஜிஎஸ்எம் பார்க்கற வேலையத்தான் புள்ள கடல்ல பண்ணுது" என்று நர்ஸிடம் சொன்னார். எடை குறைந்தால் துணி இழுபட்டிருக்கிறது, கிழிசல் அப்புறம்தான் வரும் என்று அவளுக்குப் பாடமும் நடத்தினார். அவள் ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் தினமும் காலையில் ஒரே கேள்வி: எத்தனை மேலே வந்தது? உன் செய்தியைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். அவர் போன அன்று பதினொன்று.

கப்பல் பாதியில் திரும்பினால் மறுபடி போக ஒரு வருடமாகும், அதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும், பிறகு கூப்பிட்டாலும் கருவி மேலே வராது என்று நீயே எழுதியிருந்தாய். ஆகவே நீ துறைமுகம் சேரும்வரை ஐந்து நாள் சொல்லவில்லை. உன் பெரியப்பா மகன் குணா கொள்ளி வைத்தான். எண்ணை எழுதாமல், அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஐந்து நாளும் கேட்டாய். மாற்றமில்லை என்று பதில் போட்டேன். அது பொய். கப்பலைத் திருப்புவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்திருக்க வேண்டும். நான் செய்தது பிழை.

கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வரி கோணாமல் எழுத வருகிறது. அப்பாவின் துணி வெட்டும் கட்டரைக் கேட்டு, அவரோடு வேலை பார்த்த தீனதயாளன் வந்தான். கொடுக்கவில்லை. உன் மேஜையில் வைத்திருக்கிறேன்.

போனில் 'நலம்' என்று ஒரு சொல் அனுப்புகிறாய். அது போதாது. காலை ஆறரைக்கு, அவர் கேட்கும் நேரத்தில், இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தது பதினொன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். முருகன் உன்னைக் காப்பான். மீதி ஏழும் மேலே வந்தனவா என்று தாளில் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
சித்ராதேவி ஞானசம்பந்தம்