நினைவிலிருந்து கலந்த நிறம்

மார்ச் 4, செவ்வாய்

கைநாட்டுக்காரனுக்கு நாட்குறிப்பு ஒரு கேடா என்று யாரும் கேட்கலாம். கேட்கட்டும். மாப்பிள்ளை வாங்கித் தந்த போன், பேசினால் எழுதிக்கொள்கிறது. எழுதியதைப் படிக்கத்தான் எனக்கு வராது. இன்று முழங்கால் வலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 5, புதன்

மகள் போனில் அழுதாள். மாமியாருடைய மேஜைமேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்து மறந்துவிட்டாளாம். பெட்டியின் அச்சிலேயே கருகல். சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் இளைய பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், ஞாயிறு திரும்புகிறார்கள்.

"அவர்கிட்ட மட்டுமாவது சொல்லிடட்டுமாப்பா?"

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. அந்த மேஜைக்குப் பாலிஷ் போட்டதே நான்தான். பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் கெடைக்காது."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மார்ச் 6, வியாழன்

மகள் வீட்டுக்குப் போய்க் கருகலைச் சுரண்டி உப்புத்தாள் போட்டேன். ஆழமில்லை. இனி நிறம்தான்.

கண்ணில் புரை. எல்லாப் பழுப்பும் எனக்கு இப்போது ஒரே பழுப்பு. ஆனால் ஞாபகம் இருக்கிறதே! இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மேஜைக்குக் கலந்தது: வால்நட் பொடி மூன்று கரண்டி, கரி ஒரு சிட்டிகை, காவி அரைக் கரண்டி. சம்பந்தியம்மா மாடிப்படியில் நின்றபடி, "இன்னுங் கொஞ்சம் செவப்பு" என்றார். காவியை முழுக் கரண்டியாக்கினேன். இன்றும் அதே கணக்கு.

"சேர்ந்துச்சாம்மா?"

தள்ளி நின்று பார்த்தாள். "ஈரமா இருக்குல்லப்பா... காயட்டும்."

மார்ச் 7, வெள்ளி

காய்ந்தது.

"செவப்பாத் தெரியுதுப்பா."

"வெளிச்சம் அப்படி. எனக்கே பாடம் எடுக்காத."

மேலே அரக்குப் பாலிஷ் மூன்று கை ஏற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

கலவை சரி. சந்தேகமே இல்லை.

மார்ச் 10, திங்கள்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சம்பந்தியம்மா கண்டுகொண்டாராம். "என்ன, மேஜைக்குப் பொட்டு வச்சு அழகு பாத்தீங்களா?"

ஜன்னல் வெயிலில் நின்று மேஜை வருஷாவருஷம் வெளுத்திருக்கிறது. நான் பூசியது அன்றைக்கு இருந்த நிறம். மரத்துக்கும் வயசாகும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன்டா நான்! மேஜையப் பாத்தா கலந்தேன்? கண்ணு தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு, ஞாபகத்தப் பாத்துல்ல கலந்தேன்.

சம்பந்தியம்மா சொன்னது: "சுட்டுட்டேன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் திட்டோட போயிருக்கும். அப்பனும் மகளும் சேர்ந்து மூடியிருக்கீங்க. இன்னும் என்னென்ன மூடி வச்சிருக்கியோ!"

மாப்பிள்ளை கேட்டது ஒன்றுதானாம்: "எங்கிட்டகூடவா?"

மார்ச் 12, புதன்

போனேன். "தப்பு என்னோடது சம்பந்தியம்மா. அவ சொல்லத்தான் இருந்தா. நான்தான் வாய அடைச்சேன்."

"அவ என்ன பச்சக் கொழந்தையா, சம்பந்தி?"

மாப்பிள்ளை "வாங்க மாமா" என்றதோடு சரி. கிளம்பும்போது செருப்பு தெரியாமல் காலால் துழாவினேன். அவர்தான் குனிந்து எடுத்துப் போட்டார். திட்டியிருக்கலாம் அவர்.

மார்ச் 15, சனி

நான் பூசிய நிறத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு ஆளை வைத்துச் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "மேஜை கெடக்கட்டும்" என்று சம்பந்தியம்மாவிடமிருந்து பதில்.

மார்ச் 19, புதன்

மகள் போனை எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

எடுத்தாள். "ஒண்ணுமில்லப்பா. வீட்ல யாரும் சத்தம் போடறதில்ல. யாரும் பேசறதே இல்ல."

மார்ச் 30, ஞாயிறு

மத்தியானம் மகள் வந்தாள். "நாலு நாள் இருந்துட்டுப் போறேம்ப்பா."

ஆட்டோவிலிருந்து இரண்டு பெட்டி இறங்கியது. பின்னாலேயே தையல் மிஷின். நாலு நாளைக்குத் தையல் மிஷின் எதற்கு? மிஷினின் ஒரு பக்கத்தை நானும் பிடித்தேன்.

துணிகளை என் அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினாள். இடம் போதவில்லை. என் வேட்டி சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, மேல்தட்டையும் காலி செய்து கொடுத்தேன்.