ஜெல் பேனாக் கையெழுத்து

ஏப்ரல் 7, செவ்வாய்

அந்தக் கையெழுத்து அவருடையதுதானா? தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக டென்னிஸ் கிளப் சுவரில் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் ஷூ லேஸ் கட்டுகிறேன். கேட்கத் தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய தாள்களைச் சந்தேகப்படுவதுதான் என் வேலை.

காலையில் மூடுபனி. கோர்ட் ஈரம். கிளப்பின் புதுச் செயலர் வந்தார். மலைக்குக் கோடை சீசன் வருகிறதாம். ஆறரை முதல் ஏழரை வரை பெண்கள் ஆடும் நேரம் இனி விருந்தினருக்கு.

"லேடீஸ் டைம்னு ரூல் எதுலயும் இல்லையே மேடம்."

படத்தைக் காட்டினேன். டென்னிஸ் சாம்பியன். முன்பு ஒரு கோடையில் இங்கே தங்கியிருந்தபோது அன்றைய பெண்களோடு தினமும் காலையில் ஆடியவர். படத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில், 'ஆறரை மணிப் பெண்களுக்கு, அன்புடன்'. கீழே கையெழுத்து. எங்களிடம் இருக்கும் ஒரே சான்று.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஜெல் பேனா மேடம். அவங்க வந்த காலத்துல ஜெல் பேனா ஏது?"

சிரிப்பு வேறு. படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வாங்க வேண்டியவை: பூண்டு, கேரட், முழங்கால் பட்டை.

ஏப்ரல் 8, புதன்

நல்ல வெயில். கோர்ட்டைப் பெருக்கிச் சுண்ணாம்புக் கோடு போடும் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன்.

"நான்தாங்க எழுதுனேன். ஈரத்துல மங்கிக் கெடந்துச்சு. சீசனுக்கு சீசன் போர்டு, பெஞ்சு, கேட்டு எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்றாங்கல்ல? அந்தம்மா எழுத்த மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

"இங்கிலீஷ் தெரியுமா அக்கா?"

"அது எதுக்குங்க? அது வளைஞ்ச எடத்துல நானும் வளைஞ்சேன். வருசா வருசம். தப்புங்களா?"

படத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அலமாரிச் சாவி அவரிடமும் ஒன்று. படத்தை எடுத்து வந்தார். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. அடியில் சாம்பியனின் மை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

என்னோடு ஆடும் சுசீலா, லாட்ஜ் நடத்துபவள், பழனிக்காரி: "பேசாம ஒரிஜினல்னு அடிச்சுச் சொல்லுங்கக்கா. லைப்ரேரியன் சொன்னா நம்புவாங்க."

"தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப கோர்ட்ட விட்டுட்டு உண்மையக் கட்டிக்கிட்டு ஆடுங்க."

அவள் மேல் கோபம். இரவு வரை.

ஏப்ரல் 9, வியாழன்

கடிதம், நாலு முறை கிழித்து எழுதியது. 'மங்கிய எழுத்தின் மேல் பின்னாளில் எழுதப்பட்டிருக்கிறது. மூலக் கையெழுத்தை நிரூபிக்க இயலாது. படத்தைச் சான்றாகக் காட்டியதைத் திரும்பப் பெறுகிறோம். நேரத்தைத் திரும்பத் தரவில்லை. நாளை ஆறரைக்கு ஆடுவோம்.' கையெழுத்து: நாங்கள் நால்வர். சுசீலா முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

யார் எழுதியது என்று குறிப்பிடவில்லை. செயலர் விடவில்லை. "யாரு வேலை இது?"

பாக்கியம் அக்கா துடைப்பத்தோடு அங்கேயே நின்றார். "நான்தான் சார். பேனா ஒங்க ஆபீஸ் பேனாதான்."

செயலர் முகம் சிவந்தது. "நாளைக்குக் கோடு போடக் கூடாது. கோடில்லாம எப்படி ஆடுறாங்கன்னு பாப்போம்."

அக்காவின் வேலைக்கு ஏதாவது வந்தால்? இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் போவேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

6.20. குளிர். கோடுகள் போட்டிருந்தன. புதுச் சுண்ணாம்பு, இன்னும் காயவில்லை.

"வெள்ளனே வந்து போட்டுட்டேன். கெடக்கட்டும், வெரசா எறங்குங்க," என்றார் அக்கா.

6.40. செயலர், கூடவே மட்டைகளோடு இரண்டு விருந்தினர். "மேடம், கெஸ்ட் வெயிட் பண்றாங்க."

"ஏழரைக்குத் தர்றோம்."

"கமிட்டியில சொல்வேன்."

"சொல்லுங்க."

விருந்தினர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் உட்காரவில்லை.

முதல் செட் சுசீலாவிடம் 2-6, தோல்வி. மூச்சு வாங்கியது. மணி 7.05. அடுத்த செட் என் சர்வீஸ். போட்டேன்.