ஒன்பது புள்ளி எட்டு என்று குத்திய அட்டை

நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, உன் மனைவி உன் பழைய நோட்டை என் கையில் கொடுத்தாள். "இது உங்களுக்குன்னு சொல்லி வச்சிருந்தாக அண்ணே" என்றாள். ஏன் எனக்கு? என் புத்தி முதலில் சந்தேகத்துக்குத்தான் போகும், உனக்குத் தெரியாததா. பஸ்ஸிலேயே பிரித்தேன். உள்ளே ஒரு துளை அட்டை. மூலையில் பென்சிலால் போட்ட பிள்ளையார் சுழி. நோட்டைச் சட்டென்று மூடிவிட்டேன்.

நாகமலை புதுக்கோட்டையில் நாம் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த எழுபதுகளின் கடைசி அது. கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டியதை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, மொத்தத்தையும் கட்டி ஜன்னலில் கொடுத்தால் மறுநாள் விடை தாளில் வரும். நான் குத்தும் ஒவ்வோர் அட்டையிலும் சுழி போட்டுவிடுவேன். "மெஷினுக்கும் சூடம் காட்டப் போறியா மாப்ள?" என்று கேலி செய்வாய்.

உன் கணக்கு விளையாட்டுக் கணக்கு இல்லை. மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் உன் அண்ணன் வேலை பார்த்தார். வெடி வைக்கும்போது ஆட்கள் ஒதுங்கும் கொட்டகை, பாறைச் சரிவில் மிகக் கிட்டத்தில் இருந்தது. கல் எவ்வளவு தூரம் பறக்கும் என்று காட்டினால் கொட்டகையைத் தள்ளிப் போடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். "நம்ம வாயால சொன்னா நம்ப மாட்டாரு, கம்ப்யூட்டர் பேப்பர்னா நம்புவாரு" என்றாய்.

ஒரு வெள்ளிக்கிழமை அட்டைக் கட்டை என்னிடம் கொடுத்து, "நீ போய்க் குடு மாப்ள" என்றுவிட்டுப் போனாய். நான் சும்மா இருந்தேனா? அவிழ்த்துப் பார்த்தேன். புவியீர்ப்புக்கு வழக்கமான 9.8 இல்லாமல் 4.9, 8.5 என்று இரண்டு எண்கள் வைத்திருந்தாய். அடப்பாவி, மேலூரில் மட்டும் பூமி மெதுவாக இழுக்கிறதா? அண்ணனுக்காகத் தூரத்தைக் கூட்டிக் காட்டத் தில்லுமுல்லு செய்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கவாட்டில் பூஜ்யம், கீழ்நோக்கி 9.8 என்று வேறோர் அட்டை குத்தி, கை வழக்கத்தில் சுழியும் போட்டு, உன் அட்டை இருந்த இடத்தில் செருகிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நீ விடைத்தாளை வாங்கிக்கொண்டு மேலூருக்கு பஸ் ஏறிவிட்டாய். உன் மேசையில் இந்த நோட்டு திறந்து கிடந்தது. அதிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தேன். தூரத்தையும் உயரத்தையும் அளக்கும் அச்சுகளை நீ எல்லோரையும் போலத் தரைமட்டத்துக்கு வைக்கவில்லை. வெடிக்குழியைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, ஓர் அச்சைப் பாறைச் சரிவோடு சாய்த்து, மற்றதை அதற்குச் செங்குத்தாகப் போட்டிருந்தாய். அச்சு சாய்ந்தால் பூமியின் இழுப்பு இரண்டாகப் பிரியத்தான் செய்யும். உன் எண்கள் சரி. நான்தான் கெடுத்தேன். கல் ஏறக்குறையப் பாதித் தூரத்திலேயே விழுந்துவிடும் என்று அந்தத் தாள் இப்போது பொய் சொல்லும். அதை நம்பினால் உன் அண்ணன் கொட்டகை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்த பஸ்ஸில் ஓடிவந்தேன். நீ சரிவில், பழைய வெடிக்குப் பறந்துவந்த கல்லொன்றின் மேல் தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தாய்.

"பேப்பர் சொல்ற தூரத்துக்கு அங்கிட்டும் கல்லு கிடக்கு மாப்ள. மேஸ்திரிகிட்ட இன்னும் காட்டல. நான்தான் எங்கிட்டோ தப்பாக் குத்திட்டேன் போல."

"இருக்கும், இருக்கும்" என்றேன். என்ன மனுஷன் நான்!

திங்கட்கிழமை நீ அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்தாய். பிறகு கட்டை மறுபடி என்னிடமே நீட்டினாய். "நீ போய்க் குடு மாப்ள." இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். சரியான விடை வந்தது, மேஸ்திரியும் கொட்டகையைத் தள்ளிப் போட்டார்.

அந்தச் சுழி உன் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பார்த்திருக்கிறாய். எடுத்து நோட்டில் வைத்திருக்கிறாய். அதற்குப் பிறகுதான் கட்டை என் கையில் கொடுத்திருக்கிறாய்.

இப்போதெல்லாம் யாருடைய எண் உறுத்தினாலும், "அச்சை எப்படி வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறேன். உன்னிடம் மட்டும்தான் கேட்கவில்லை. அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. நான்தான் மாத்தினேன் மாப்ள.