சபைக்கு முதுகு காட்டி

ஆகஸ்ட் 10, செவ்வாய்
(ஜப்பான் வருஷக் கணக்கில் 2603 என்று போட வேண்டுமாம். போட்டாயிற்று.)

காலையில் தூறல். அவித்த மரவள்ளி, தேங்காய்த் துருவல். வீட்டுக்காரி தனம் அதற்கு இன்று "புட்டு" என்று பெயர் வைத்தாள். நேற்று "உப்புமா".

தொண்டை அப்படியே. மலைக்காய்ச்சல் போயிற்று, மேல் ஸ்தாயியையும் கூட்டிக்கொண்டு. இனிக் கச்சேரி இல்லை. ஆனால் வேலை கிடைத்தது! டவுன் கொட்டகை மேல்நாட்டு வாத்தியக் குழுவை நடத்த வேண்டும். பழைய நடத்துநர் சிங்கப்பூர் போனவர், திரும்பவில்லை. ஞாயிறு ஜப்பான் அதிகாரி வந்து கேட்கிறார். பிடித்தால் குழு நிலைக்கும். பிடிக்காவிட்டால் ஆட்களைச் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போனவர் எவரும் ஊர் வந்து சேரவில்லை.

ஆகஸ்ட் 12, வியாழன்
வெயில். முதல் ஒத்திகை. மானம் போயிற்று.

தெரிந்ததைத்தானே செய்ய முடியும்? ஆதி தாளம் போட்டேன். தட்டு, விரல், தட்டு, வீச்சு. உள்ளங்கையைத் திருப்பியதும் அத்தனை பேரும் கப்சிப். பிலிப் (வயலின், போர்த்துகீசிய வம்சம், நரைத்த மீசை) வில்லை இறக்கிவிட்டு, "ஹாபிஸ்கா?" என்றார். முடிந்ததா என்று. மறுபடி வீச்சு, மறுபடி "ஹாபிஸ்கா?" முரசு மணியம், எங்கள் காஜா பேராங் தெருக்காரன், சிட்டி என்கிற பழைய தமிழ் வம்சம், பேச்சு முழுக்க மலாய்தான், சிரித்துச் சிரித்து முரசின் மேலேயே சாய்ந்துவிட்டான்.

வீச்சை விட்டேன். பாட ஆரம்பிக்கிற மாதிரி மூச்சை இழுத்தேன். எல்லோரும் கூடவே இழுத்தார்கள். முதல் ஸ்வரம் சேர்ந்து விழுந்தது. அடடா!

ஆகஸ்ட் 13, வெள்ளி
புழுக்கம். அரிசி இல்லை.

பிலிப், "எங்களைப் பார்த்து நில்லுங்கள்" என்கிறார். நின்றால் சபைக்கு முதுகு. கோயிலில் பாடிவிட்டுச் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்தவன் நான். அதெப்படி? சபையைப் பார்த்து நின்று, கையை மட்டும் பின்னால் ஆட்டினேன். ஈ ஓட்டுகிறீர்களா என்றார் பிலிப்.

தனத்திடம் சொன்னேன். "பக்கவாட்டுல நில்லுங்க, நண்டு மாதிரி." கொழுப்பு.

ஆகஸ்ட் 15, ஞாயிறு
மழை விட்டது. கொட்டகை நிறைந்துவிட்டது. முன் வரிசையில் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கும் தமிழர். பெண்கள் பக்கம் தனம்.

சபையைக் கும்பிட்டேன். "மன்னிக்கணும்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத் திரும்பினேன். எல்லா முகங்களும் என் மூச்சுக்காகக் காத்திருந்தன. இழுத்தேன்.

என்னிடம் இல்லாத மேல் ஸ்தாயி பிலிப்பின் வில்லில் வந்தது. பாடிய நாளில்கூட இத்தனை சந்தோஷம் இருந்ததில்லை, சத்தியமாக.

முடிந்தது. திரும்பப் பயம். அதிகாரி ஏதோ சொன்னது மட்டும் கேட்டது. பிறகு தமிழர் குரல்: "மாசா மாசம் வாசிக்கணுமாம். உங்க ஆளுங்கள வேற வேலைக்கு எடுக்க மாட்டாங்களாம்." மணியம் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது தனம் எனக்கு ஓரடி பின்னாலேயே வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஜிப்பா முதுகுல கிழிஞ்சு தொங்குது. சபையே பாத்துச்சு."

"ஐயோ! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க என்னைக்கு முதுகக் காட்டினீங்க, நான் பாக்க? கழட்டிக் குடுங்க. அடுத்த மாசமும் பாப்பாங்கல்ல."

கடையில் நூல் கிடைப்பதில்லை. என் கச்சேரித் துண்டிலிருந்து இழை உருவிக்கொண்டிருக்கிறாள். நான் தடுக்கவில்லை.