முதல் வாய் டீ

அடியே கொலைகாரி,

நேற்று எங்கள் வாசகர் வட்டத்தில் உன் நாவலைப் பேசினோம். கல்லூரி விடுதியில் தோழியைக் கொல்ல, கதாநாயகி தன் டீயிலேயே விஷம் கலக்கிறாளே, அந்த இடத்தில்தான் சண்டை.

“அடுத்தவ டீயை எவளாவது முதல்ல எடுத்துக் குடிப்பாளா? நம்புற மாதிரியா இருக்கு?” என்றார் பல் டாக்டரம்மா.

நான் அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

நம் அறை ஞாபகம் வந்தது. சாத்த முடியாத ஜன்னல், மழையில் ஊறிய புத்தகங்கள், “உனக்குன்னு தனியா வாங்க மாட்டியாடி?” என்ற உன் கத்தல்.

கொன்ற பிறகும் அவள் தினமும் இரண்டு டம்ளர் டீ போடுகிறாள் என்று முடித்திருக்கிறாய். அதற்காகவே எல்லோரும் அவளை மன்னித்துவிட்டார்கள். நானும்.

இத்தனை வருடம் பேசாமல் இருந்தது போதும். ஞாயிற்றுக்கிழமை வா. என் டீயில் முதல் வாய் உனக்கு.

இப்படிக்கு,
நீ கொன்றவள்