கிளிப்பச்சை

திங்கள்

காலையிலிருந்து தூறல். லேபில் மூன்று கம்ப்யூட்டர் படுத்துவிட்டன.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத இணையத்தில் ஒரு பிளாக். சொந்தப் பெயர், சொந்த போட்டோ கூடாது என்று ஹெச்.எம். உத்தரவு. அதனால் ஆளுக்கொரு அவதார், வட்டத்துக்குள் ஒரு பொம்மைப் படம். முகம், முடி, சட்டை எல்லாம் அவர்களே பொறுக்கிக்கொள்ளலாம். ஒரே சந்தைக்கடை.

"மிஸ், எனக்குத் தாடி வெச்சிக்கலாமா?"

"டேய், இது நீயாடா? ஹீரோ மாறி இருக்குது!"

ரேவதிக்குப் பாதி பீரியட் அவதாரின் துப்பட்டா நிறத்திலேயே போனது. "இது பாசிப்பச்ச மிஸ். எனக்குக் கிளிப்பச்ச வேணும்." அம்மாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, மகளுக்குக் கண் அப்படி. கலந்து கலந்து கடைசியில் கொண்டுவந்துவிட்டாள். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள். முதல் பதிவும் அவளுடையதுதான். வறண்ட பாலாற்றில் பட்டம் விட்ட கதை.

வாங்க: தோசை மாவு, பிரிண்டர் பேப்பர், வீட்டில் அவருக்கு இருமல் மருந்து.

செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

எல்லா அவதாரையும் ஒரே பக்கத்தில் போட்டேன், என் வட்டம் மட்டும் இன்னும் காலி. பார்க்க அழகு. ப்ரொஜெக்டரில் பெரிதாக்கியபோதுதான் கைகள் தெரிந்தன. பாதிப் பேர் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. இன்னும் பலருக்கு நீலம்.

மஞ்சள் ஊர்ப் பிள்ளைகள், நீலம் காலனிப் பிள்ளைகள். போன வருடம் அடிதடியாகி, கையில் கட்டியிருந்த கயிற்றையெல்லாம் ஹெச்.எம். கத்தரிக்கோலால் வெட்டினார். இப்போது கத்தரிக்கோல் எட்டாத இடத்தில் கட்டிக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொடுத்து.

ரேவதி காலனிப் பெண். அவள் அவதார் கையில் ஒன்றும் இல்லை. பதிவுக்குக் கீழே யாரோ: "கை ஏன் காலி? மறைச்சா தெரியாதா?"

புதன்

பட்டையை எடுக்கச் சொன்னேன். மஞ்சள் பட்டை போட்டிருந்த தருண் பவ்யமாக எழுந்தான். "அது டிசைன் மிஸ். ஆப்புல குடுத்திருக்காங்க, போட்டோம்." எடுத்தார்கள். மதியத்துக்குள் அவதார் சட்டைகள் மஞ்சளும் நீலமுமாக மாறிவிட்டன. ரேவதியின் கிளிப்பச்சையும் இரண்டு பெண்களின் சாம்பலும்தான் மாறவில்லை.

ஹெச்.எம்.: "கம்ப்யூட்டர் சொல்லித் தாங்கன்னா கலாட்டாவ கொண்டாந்துட்டீங்களேம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள அடங்கலன்னா மூடிடுங்க."

படிக்கட்டில் காதில் விழுந்தது, ரேவதி தெருப் பெண்களே: "நம்ம கலர் போட இவளுக்கு வெக்கம்டி." மதியம் அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை.

எரிச்சல். எல்லோர் மேலும். தலைவலி மாத்திரை ஒன்று.

வியாழன்

ரேவதி வந்தாள். "மிஸ், என் படத்தையும் எழுதுனதையும் எடுத்துடட்டுமா மிஸ்? எல்லாரும் என்னியே பாத்துக்கினு இருக்காங்க."

நாளைவரை பொறு என்றேன்.

வகுப்பில் தருண்: "உங்க வட்டம் இன்னும் காலியா இருக்குதே. நீங்க இன்னா கலர் மிஸ்?"

"இன்னும் பண்ணலப்பா" என்றேன். பெல் காப்பாற்றியது.

கோழை. நான் எந்தத் தெருவில் பிறந்தவள் என்று இந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட நீலப் புடவையில் போனதில்லை. அவர் ஆசையாக எடுத்துக்கொடுத்த நீலப் பட்டு பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. ரேவதி ஏன் பச்சைக்குள் ஒளிந்தாள் என்று எனக்குத் தெரியாதா? அவளைத் தனியாக விடக்கூடாது.

அவரிடம் சொன்னேன். "போட்டுடேன். எத்தினி நாளைக்கு?" என்றார், இருமிக்கொண்டே.

வெள்ளி

நல்ல வெயில்.

நீலப் புடவையில் என் அவதார். கண்ணாடி, நரை எல்லாம் அப்படியே. ரேவதிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தருண் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். பின் பெஞ்சில் காலனிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பெல் அடித்தபின் ரேவதி மட்டும் நின்றாள்.

"உனக்காகத்தான்மா போட்டேன். இனிமே நீ மறைக்க வேணாம்."

"நான் எதையும் மறைக்கல மிஸ். எனக்குக் கிளிப்பச்ச புடிக்கும், அவ்ளோதான். நீங்களாவது நம்புவீங்கன்னு நெனச்சேன்."

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை பாதி பீரியட் கலர் கலந்தாளே. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தானே.

மதியம் ஹெச்.எம். கேட்டார், மூடிடலாமா என்று. பக்கத்தைத் திறந்தேன். தருண் சட்டை இன்னும் மஞ்சள். சாம்பல் சட்டையில் இருந்த அந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்த்து நீலத்துக்கு மாறியிருக்கிறார்கள். கிளிப்பச்சை ஒன்றே ஒன்று இருந்தது. இப்போது அந்த வட்டம் காலி.