மாலைக்கு மேலே தெரிந்த டை கிளிப்

அன்புள்ள மச்சான் தங்கராசு,

உன் ஆண்டுத் திவசம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கலாவுக்கு வரும் ஞாயிறு கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, மாலையில் ஈப்போ மண்டபத்தில் விருந்து. மாப்பிள்ளை தெலுக் இந்தானில் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்குக் கோட்டும் டையும் எடுத்துக் கொடுப்பது தாய்மாமனான என் பொறுப்பு.

நீ வேலை பார்த்த அதே துணிக்கடைக்குத்தான் போனேன். இப்போது டை எல்லாம் இரண்டு விரல் அகலம்தான், மச்சான். என் கல்யாணத்துக்கு நீ எடுத்துக் கொடுத்த கிளிப்பை வைத்துப் பார்த்தேன். டையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. டை அகலத்தில் முக்கால்வாசிக்கு மேல் கிளிப் போகக் கூடாது என்பாயே. கடைக்காரப் பையன் கல் வைத்த ஒன்றைக் காட்டினான். வேண்டாமென்று, சின்னதாக, வெள்ளி நிறத்தில் ஒன்று வாங்கினேன். நீ இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பாய்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. என் கல்யாணத்தன்று நான் பேசிய பேச்சுக்காக.

மண்டபத்துப் பின்னறையில் நீதான் எனக்கு டை கட்டிவிட்டாய். மூன்றாவது பட்டனுக்கும் நாலாவது பட்டனுக்கும் நடுவில், அடியில் இருக்கும் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக் கிளிப்பை மாட்டினாய். நீ வெளியே போனதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ரோஜா மாலை விழுந்தால் கிளிப் மறைந்துவிடுமே. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு அதுதான் முதல் டை, முதல் கிளிப். படத்தில் தெரிய வேண்டாமா? கழற்றி, டை முடிச்சுக்குக் கீழேயே மாட்டிக்கொண்டேன்.

மேடை ஏறும்போது நீ பார்த்துவிட்டாய்.

"மச்சான், என்னா இது, தொண்டையில போயி மாட்டிருக்க? கீழ எறக்குலா. மால போடுறதுக்கு முன்ன ஒரு படம் எடுக்கச் சொல்றேன்."

சுங்காயிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"நீ கடையில துணி மடிக்கிறவன். ஒன் வேலைய அங்கயே வச்சுக்க," என்றேன்.

உன் மனைவி, என் தங்கை சரோஜா, பக்கத்தில்தான் நின்றாள். நீ என் கோட்டுத் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாய்.

படம் வந்தது. மாலைக்கு மேலே, தாடைக்குக் கீழே கிளிப் மின்னியது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நீ மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம் கலா பழைய ஆல்பங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா தெனம் டை கட்டிட்டுத்தானே வேலைக்குப் போனாரு? வீட்டு விசேசப் படம் எதுலயும் டை காணமே, ஏன் மாமா?" என்று கேட்டாள்.

நான் சரோஜாவைப் பார்த்தேன்.

"மாமா கல்யாணப் படத்துல அப்பா கட்டியிருப்பாரு பாரு. அதுதான் கடைசி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகு நீ இருந்த பன்னிரண்டு வருடத்துப் படங்களையும் புரட்டினேன். காதுகுத்து, தீபாவளி, பாகான் செராயில் நடந்த கல்யாணம். எல்லாவற்றிலும் திறந்த கழுத்துச் சட்டையோடு என் பக்கத்தில்தான் நிற்கிறாய். நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, மச்சான். நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் தப்பை ஒத்துக்கொண்டிருப்பேனா?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு மூன்றாவது பட்டனுக்கும் நாலாவதுக்கும் நடுவில் கிளிப்பை மாட்டுவேன். மாலை போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுக்கச் சொல்வேன். பிறகு தாய்மாமன் பேசவேண்டும் என்று மைக்கைக் கொடுப்பார்கள். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்கவேண்டும். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் வருவார்கள். எங்கள் மச்சான் சொன்னது சரி, வாயை விட்டது என் தப்பு என்று அவர்களிடம் சொல்வேன்.

சரோஜா உன் அகல டை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதைக் கட்டி, நீ கொடுத்த கிளிப்பை நீ சொன்ன இடத்தில் மாட்டிக்கொள்வேன். தாய்மாமனுக்கும் மாலை போடுவார்கள். மறைந்தால் மறையட்டும்.

உன் சரோஜாவின் அண்ணன்,
என்றும் உன் மச்சான்,
முனியாண்டி